சுவிஸ் மலையில் முதல் குளிர்காலம்: பனிச்சரிவு பற்றித் தெரிந்துகொண்டு ஏறுங்கள்

ஜூலையில் பிள்ளைகளோடு நடந்த மஞ்சள் பலகைப் பாதையை நம்பி ஜனவரியில் மலைக்குப் போகாதீர்கள். பலகை நிற்கும், பாதை பனிக்கு அடியில் கிடக்கும். குளிர்காலத்தில் நடக்கவும் ஸ்னோ ஷூ போட்டு ஏறவும் குறித்துவைத்த பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை இருக்கும். ஆபத்து என்றால் அவற்றையும் மூடிவிடுவார்கள். தடைக்கு அப்பால் கால்தடம் தெரிகிறதே என்று தாண்ட வேண்டாம். நாலு பேரைத் தாங்கிய சரிவு ஐந்தாவது ஆளோடு இறங்கலாம்.

புறப்படும் முன் பார்க்கவேண்டியது டாவோஸில் இருக்கும் எஸ்எல்எஃப் என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும். 'வைட் ரிஸ்க்' செயலியிலும் கிடைக்கும். ஆபத்தை 1 முதல் 5 வரை படிகளாகச் சொல்வார்கள். புதிதாக வருபவர்கள் பலர் தவறாக விளங்கிக்கொள்வது இந்தப் படிகளைத்தான். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், கவனமாகப் போய்வரலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறப்பது படி 3 நாட்களில்தான். ஜெர்மன் மொழியில் அதற்கு 'எர்ஹெப்லிஷ்' என்று பெயர். கணிசமான ஆபத்து என்று பொருள். அன்றைக்கு ஒரே ஓர் ஆளின் பாரமே சரிவை உடைக்கப் போதுமாக இருக்கலாம். அனுபவம் இல்லாதவர்கள் படி 3 நாளில் திறந்திருக்கும் பாதையை விட்டு விலகவே கூடாது.

அடுத்தது சாய்வு. பெரும்பாலான பனிப்பலகைகள் (இறுகி ஒட்டிய பனிப்படைகள்) 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில்தான் உடைகின்றன. சுவிஸ் அரசின் நில அளவை அலுவலகமான ஸ்விஸ்டோப்போவின் வரைபடத்தில் சாய்வு அடுக்கைப் போட்டால் 30 முதல் 35 பாகை வரை மஞ்சள், அதற்கு மேல் செம்மஞ்சள், 40க்கு மேல் சிவப்பு. நீங்கள் நடக்கும் இடம் தட்டையாக இருப்பது மட்டும் போதாது. தலைக்கு மேலே நிறம் இருந்தால் அங்கிருந்து வருவது உங்கள் மேல்தான் விழும்.

காற்றுத்தான் பனிச்சரிவைக் கட்டும் மேசன் என்று ஆல்ப்ஸில் சொல்வார்கள். ஒரு பக்கப் பனியை வாரி மறுபக்கம் இறுக்கமான பலகையாக அடுக்கிவிடும். அடியில் சீனி மாதிரி உதிரும் மென்படை இருந்தால் அந்தப் பலகைக்குப் பிடிமானம் கிடையாது. காலை வைத்ததும் 'வும்' என்று அடிவயிற்றில் உணரும் ஒரு சத்தம், காலடியிலிருந்து ஓடும் வெடிப்பு, பக்கத்து மலையில் புதிதாக இறங்கிய சரிவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்புங்கள். வசந்தத்தில் வெயில் ஏறினால் பனி நனைந்து இறங்கும்; மதியத்துக்கு முன்பே கீழே வந்துவிட வேண்டும்.

பாதையை விட்டுப் போகும் ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் தேடுகருவி (சமிக்ஞை அனுப்பவும், புதைந்தவரின் சமிக்ஞையைத் தேடவும் உடலில் அணிவது), 240 சென்டிமீட்டராவது நீளமான துழாவுகோல், உலோக மண்வெட்டி மூன்றும் இருக்கவேண்டும். கைத்தொலைபேசி கருவிக்கு 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சமிக்ஞையைக் குழப்பும், தேடும்போது 50 சென்டிமீட்டருக்குள் இருந்தாலே குழப்பும். செங்குத்தான இடத்தில் ஏறும்போது 10 மீட்டர் இடைவெளி விடுங்கள், இறங்கும்போது ஒவ்வொருவராக.

புதையுண்டவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஹெலிகொப்டர் வருமுன் காப்பாற்றக்கூடியவர்கள் கூட நின்றவர்களே. ஆள் மறைந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரேகா என்ற வான்வழி மீட்புச் சேவையை 1414இல் அழைக்க (வலே மாநிலத்தில் 144), அவர் உட்பட எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றவேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய கருவியையே மற்றவர்கள் துரத்துவார்கள். கருவியில் தெரியும் தூர எண் குறையும் திசையில் போய், கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடியுங்கள். எண் மிகக் குறைந்த இடத்திலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வட்டமாகத் துழாவுங்கள். கோல் ஆளில் பட்டால் உருவாமல் அப்படியே விடுங்கள். நேர் மேலிருந்து தோண்டாமல் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். இறங்கி நின்ற பனி சீமெந்து போல இறுகியிருக்கும், ஆள் மாறி மாறி வெட்டவேண்டும். முதலில் முகம், வாயிலும் மூக்கிலும் உள்ள பனி, பிறகு நெஞ்சு.

ஹெலிகொப்டர் தெரிந்ததும் கையை ஆட்ட வேண்டாம். இரண்டு கைகளையும் வி வடிவில் உயர்த்தி அசையாமல் நில்லுங்கள், உதவி வேண்டும் என்று விமானி புரிந்துகொள்வார். தொப்பி, பை, கையுறை எதுவும் பறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.