வேக்குவத்தைக் கடைசியில் எடுங்கள்

வெள்ளை நாய், சிவப்புக் கம்பளம். இந்தச் சேர்க்கையை யாராவது யோசித்துச் செய்வார்களா? எங்கள் வீட்டில் அது தானாக அமைந்தது. கம்பளம், என் தம்பி குவைத்திலிருந்து வரும்போது சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தது. ஆறுக்கு நாலு, நல்ல கம்பளி. நாய், பாமரேனியன் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது. அந்தப் பேரில் இங்கே விற்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்த ஒரு நாள் பையை மோந்துகொண்டே பின்னால் வந்த மஞ்சள் பூனையும் இங்கேயே தங்கிவிட்டது.

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு முறை கல்யாணத்துக்குத் தைத்த மெரூன் பிளவுஸை வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்து, அதிலிருந்து ஒரு வெள்ளை முடியை இரண்டு விரலால் எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்துதான் கம்பளத்தில் சிக்கும் இந்த நாய், பூனை முடி விஷயத்தில் நான் தீவிரமானேன்.

முதலில் எல்லாரையும் போலத்தான் நானும், வேக்குவம் கிளீனர் வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வாங்கினேன். ஓடியது, சத்தம் போட்டது, மேலே கிடந்த தூசியை எடுத்தது. முடி அப்படியே இருந்தது. காரணம் தையல்காரிக்குப் புரியாமல் இல்லை. கம்பளம் என்பது நெட்டுக்குத்தாக நிற்கும் நூல்களின் காடு. மேலே மிதிக்க மிதிக்க முடி அந்த நூல்களுக்கு நடுவே இறங்கி, அடியில் சுற்றிக்கொள்கிறது. போதாததற்கு முடியின் மேற்பரப்பில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு, அவை நூலைப் பிடித்துக்கொள்ளும். சிக்கிய நூலை ஊதி எடுக்க முடியுமா? கிளப்பித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சுவது அதற்கு அப்புறம்.

கிளப்புவதற்குச் சிறந்த ஆயுதம் ரப்பர். பாத்ரூம் தண்ணீர் தள்ளும் வைப்பர் இருக்கிறதே, அதில் சின்ன சைஸ், கண்ணாடி துடைப்பது. ரப்பர் விளிம்பு வெட்டுப்படாமல் நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். கம்பளத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைப்பரை எடுக்கும் முன் கம்பளத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், நிறம் வெளுப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும், நிறம் கருக்கும். வெல்வெட் வெட்டுகிறவர்களுக்கு இது பழக்கம். சொரசொரக்கும் திசையில்தான் வைப்பரை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கொஞ்சம் அழுத்தி, குட்டி குட்டியாக, ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் கிளம்பிய முடி திரும்ப உள்ளே போகும். நாலைந்து இழுப்பில் முடி திரண்டு, பஞ்சுத்திரி மாதிரி உருண்டு வரும். முதல் தடவை அந்த உருண்டையைப் பார்த்து எனக்கே ஆச்சரியம், வீட்டில் மூன்றாவது பிராணி ஒன்று இருந்திருக்கிறது!

மூலை, ஓரம், நாய் வழக்கமாகச் சுருண்டு படுக்கும் இடம், இங்கெல்லாம் வைப்பர் சரிப்படாது. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு விரல்களால் வாருங்கள். கையுறையை லேசாக நனைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். லேசாக என்றால், தண்ணீர் சொட்டக் கூடாது. மாடியில் துணி காயப்போட வந்த எதிர்வீட்டுத் தம்பி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கம்பளத்துக்குப் பேன் பாக்குறியா?" என்றான். கிட்டத்தட்ட அதுதான்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் முடி ஒட்டுவதற்கு நிலைமின்சாரம்தான் காரணம், ஃபேப்ரிக் சாஃப்ட்னரைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள் என்று எழுதுகிறார்கள். காய்ந்த குளிர்க் காற்றுள்ள ஊருக்கு அது சரி. நம்முடையது கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். ஏசி ஓடும் அறையைத் தவிர இங்கே நிலைமின்சாரம் பெரிய தொல்லை இல்லை. சாஃப்ட்னர் கம்பளியில் வழவழப்பாகத் தங்கிவிடும். அதன்மேல் தூசி இன்னும் வேகமாகப் படியும். எனக்கு அது வேண்டாம்.

தூசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வடசென்னையில் தூசி வெறும் மண் அல்ல. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம் பக்கம் காலையில் துடைத்த ஜன்னல் மாலைக்குள் கருத்துப்போகும். 2011இல் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. ஆனால் லாரிப் புகை இருக்கிறது, எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகள் இருக்கின்றன. முடிச் சிக்கலுக்குள் இந்தக் கறுப்புத் தூள் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் மாதம் ஒரு முறை கம்பளத்தைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோய், கைப்பிடிச் சுவரில் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கம் பிரம்பால் தட்டுகிறேன். அழகுப் பக்கம் அடித்தால் தூசி உள்ளேதான் போகும். மதியத்துக்குள் கடல்காற்று கிளம்பிவிடும், அதற்கு முன்னால் முடித்துவிடுவேன். தாமதித்தால் அடித்த தூசி முழுக்க மேற்கே இருக்கிற வீட்டின் வடாத்தில் போய் இறங்கும், அப்புறம் பேஜார்.

வைப்பர் வேலை முடிந்தபின் வேக்குவம். ஒரு முறை நீளவாக்கில், ஒரு முறை குறுக்குவாக்கில், நிதானமாக. வேகமாக இழுப்பது வெறும் உடற்பயிற்சி. சுழலும் பிரஷ் உள்ள மெஷின் என்றால் ஓரத்துக் குஞ்சத்தின் மேல் ஏற்றாதீர்கள், இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பிரஷ் உருளையில் முடி சுற்றிக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் பிரிக்கிற ஊசியை உருளையின் நீளவாக்கில் ஒரே கோடாக ஓட்டுங்கள். சுற்றிய முடி அறுந்து பாய் மாதிரி கழன்று வரும். பையை முழுதாக நிரம்ப விடாதீர்கள், பாதிக்கு மேல் போனால் இழுப்பு குறைகிறது. கடைசியில் வழுக்கும் திசையில் ஒரு தடவை இழுத்துவிட்டால் கம்பளம் படிந்துவிடும்.

சுருள் சுருளாக, வெட்டாத நூலில் நெய்த கம்பளமாக இருந்தால் வைப்பரை அழுத்தாதீர்கள், ஒரு இழை மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். பவானி ஜமக்காளம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அது தட்டையான நெசவு, முடி உள்ளே இறங்க இடமே இல்லை. உதறி, ரப்பரால் இரண்டு இழுப்பு, முடிந்தது. லேப்ரடார் வளர்ப்பவர்களுக்கு என் அனுதாபம். நீள முடி சிக்கும், ஆனால் உருண்டு வரும். லேபின் குட்டை முடி ஊசி மாதிரி குத்தி நிற்கும். அதற்குப் பழுப்பு நிற பேக்கிங் டேப்பைக் கையில் பசை வெளியே வரும்படி சுற்றி ஒற்றி எடுப்பதுதான் வழி.

நான் செய்த ஒரு முட்டாள்தனம். ஓர் ஐப்பசியில், முடியை எடுக்காமலே ஷாம்பு போட்டுக் கழுவினேன். ஈரத்தில் முடி நூலோடு திரித்துக்கொண்டது, வெளியில் விடாத மழை, நாலு நாள் ஆகியும் காயவில்லை. ஹால் முழுக்க நனைந்த ஆட்டு வாசனை. பூனைகூட வெளியே போய்விட்டது. கம்பளியைக் கழுவுவதாக இருந்தால் பங்குனி, சித்திரை வெயிலில், முடி எல்லாம் எடுத்த பிறகு.

வாசனைக்கு ஆப்ப சோடா தூவி அரை மணி கழித்து உறிஞ்சலாம். அந்த நேரம் பிராணிகளை வேறு அறையில் விடுங்கள், நக்கிவிடும்.

கம்பளத்தில் உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ தென்பட்டால் நாய்க்கு வாங்கிய மருந்துப் பொடியைப் பூனை இருக்கும் வீட்டில் தூவாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டை கம்பளத்தில்தான் உதிரும். வேக்குவம் போட்டதும் அந்தப் பையை அப்போதே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம்விட முடி கம்பளத்துக்கு வருமுன் பிடிப்பது சுலபம். தினம் பத்து நிமிஷம் நாயை பால்கனியில் வைத்து வாருங்கள். ஸ்பிட்ஸுக்கு மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. கம்பளத்தில் இறங்குவது அந்தப் பஞ்சுதான். வெயில் காலம் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள், அந்த முடிதான் அதற்கு வெயிலையும் தடுக்கிறது.

எடுத்த முடியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் குப்பையில் போடுங்கள். பாத்ரூம் ஜல்லடையில் தள்ளாதீர்கள், குழாய்க்குள் கயிறு மாதிரி முறுக்கி நிற்கும். எங்கள் பிளாக்கில் போன வருஷம் தண்ணீர் போகாமல் இரண்டு நாள் நின்றது யாரால் என்று கீழ்வீட்டு அக்காவுக்கு இன்னும் தெரியாது.