வச்ச ரத்தக்குழாய்ல சீழ் பிடிச்சா என்ன செய்யணும்

எங்க பெரியப்பாவுக்கு தொடை இடுக்குல வச்ச செயற்கை ரத்தக்குழாய் மேல சின்னதா ஒரு ஓட்டை, வேட்டியில மஞ்சளா கறை, நாங்க வெறும் கட்டின்னு மஞ்சப்பத்து போட்டு ஒரு வாரத்த ஓட்டிட்டோம். நீங்க அப்படி செஞ்சிராதீங்க மக்கா, சீழோ காய்ச்சலோ வந்த அன்னைக்கே வாஸ்குலர் சர்ஜன, அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் டாக்டர பாத்துருங்க, பாளையங்கோட்டையில இல்லன்னா மதுரைக்குப் போங்க, ரத்தம் பீச்சுனா துணிய மடிச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டே 108ஐ கூப்பிடுங்க.

தாமிரபரணி படித்துறைக் கல்லுல பாசி பிடிக்கும்லா, அது மாதிரி கிருமி அந்தக் குழாய்ல படிஞ்சிரும், மருந்து மட்டும் போதாது. அதனால பழசை எடுத்து, அழுகுன சதைய சுரண்டி, என்ன கிருமின்னு பாக்க கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, தானமா வந்த தமனிய (இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு போற குழாய்) வச்சும் தைப்பாங்க. அது திரவ நைட்ரஜன்ல உறைய வச்சிருக்கும், ஆபரேஷன் அன்னைக்கு 37 டிகிரி வெதுவெதுப்பான சலைன்ல உருக்கி, உறைய வைக்கும்போது சேத்த மருந்து போக அலசுவாங்க. கிருமி இதுல லேசுல ஒட்டாது, ஆனா ஒட்டவே ஒட்டாதுன்னு இல்ல.

சர்ஜன்கிட்ட முதல்ல கேளுங்க, சொந்தக் கால்ல இருக்குற சிரையே (ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய்) போதுமான்னு, ஏன்னா சரியான அளவு தமனி எப்பவும் கிடைக்காது. அப்புறம் ஆன்டிபயாட்டிக் பல வாரம் ஓடும், பாதியில நிறுத்தாதீங்க. வச்ச குழாய் வருஷங்கழிச்சும் வீங்கலாம், அடைக்கலாம், ஸ்கேன் தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சிருங்க.