கீரைப் பாத்தியிலிருந்து ஏரி வரை: பீடைநாசினி அபாயத்தை வரைபடத்தில் மதிப்பிடும் முறை

கொழும்பை அடுத்த பிலியந்தலை, கெஸ்பேவ பக்கத்தில் வயல்களையும் கீரைப் பாத்திகளையும் ஒட்டி ஓடும் வாய்க்கால்கள் பெரும்பாலும் பொல்கொட ஏரியை நோக்கியே செல்கின்றன. அங்கே தெளிக்கப்படும் மருந்து எந்த வழியாக நீரை அடையக்கூடும் என்பதை, கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் இலவச வரைபட மென்பொருளைக் கொண்டு புதியவர்களும் மதிப்பிடலாம்.

படி 1: ஆள்கூற்று முறை
புதிய திட்டத்தைத் திறந்தவுடன், இடங்களை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையை, மீற்றரில் அளக்கும் யுடிஎம் (UTM) வலயம் 44 வடக்கு (குறியீடு EPSG 32644) என மாற்றுங்கள். வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தரவுத் தொகுதிகளான அடுக்குகளையும் அதே முறையில் சேமியுங்கள். பாகைகளில் அளக்கும் அடுக்கில் ஒன்றைச் சுற்றி 30 அளவு தூரத்தில் எல்லை (buffer) வரையச் சொன்னால், மென்பொருள் அதை 30 மீற்றராக அன்றி 30 பாகையாகவே எடுத்துக்கொள்ளும்.

படி 2: அடிப்படை அடுக்குகள்
ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்திலிருந்து ஆறு, ஏரி, கால்வாய்களை இறக்குங்கள். சென்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு படப்புள்ளி (pixel) 10 மீற்றர் அகலம் என்பதால் வயல்வெளி தெரியும், சிறு பாத்தி தெரியாது. பாத்திகளின் எல்லையைக் கைபேசியின் ஜிபிஎஸ் கொண்டு நடந்தே குறித்து, பல்கோணங்களாக வரையுங்கள்.

படி 3: வாய்க்கால்கள்
முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். இலவசமாகக் கிடைக்கும், 30 மீற்றர் கட்டங்களில் அமைந்த நில உயரத் தரவு, மர உச்சிகளையும் கூரைகளையும் நிலத்தின் உயரத்தோடு கலந்து காட்டுவதால், இப்பகுதியின் தாழ்ந்த சமநிலத்தில் அது சொல்லும் நீரோட்டத் திசையை அப்படியே நம்ப முடியாது. ஆகவே தென்மேற்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் களத்துக்குச் சென்று, வரம்பு உடைந்த இடம், வீதிக்கு அடியில் செல்லும் மதகு, வீட்டுக் கான் வயல் வாய்க்காலில் சேரும் முனை ஆகியவற்றையும், தண்ணீர் ஓடும் திசையையும் குறித்துவந்து கோடுகளாக வரையுங்கள். ஏரியிலிருந்து 400 மீற்றர் தள்ளியிருந்தும் நேரடியாக வாய்க்காலில் வடியும் பாத்தி, ஏரிக்கு 50 மீற்றர் அருகே உயர்ந்த வரம்புக்குள் இருக்கும் பாத்தியைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

படி 4: மருந்தின் இயல்பு
விவசாயியிடம் போத்தலைக் கேட்டு, செயற்படு பொருளின் (பூச்சியைக் கொல்லும் வேதிப்பொருளின்) பெயரை அட்டவணையில் சேருங்கள். எடுத்துக்காட்டாக, இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிகொல்லி நீரில் எளிதில் கரைந்து ஓட்டத்தோடு செல்லும். நீர்ப்பூச்சிகளுக்கு அது கடும் நஞ்சு. குளோர்பைரிபொஸ் என்னும் இன்னொரு பூச்சிகொல்லி மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்வதால், பெரும்பாலும் மண் அரிக்கப்படும்போது சேற்றோடு நகரும். ஆகவே முன்னதற்கு வடிகால் தொடர்பையும், பின்னதற்குச் சரிவையும் வெறுமண்ணையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

படி 5: புள்ளியிடல்
நீர்நிலை அல்லது வாய்க்கால் வரையான தூரம், வாய்க்கால் தொடர்பு, சரிவு, மருந்தின் இயல்பு ஆகியவற்றுக்கு, அபாயம் கூடக் கூடப் புள்ளியும் கூடும்படி 0 முதல் 3 வரை புள்ளியிடுங்கள். வாய்க்கால் தொடர்புக்கு மட்டும் இரு மடங்கு கொடுப்பது என் பரிந்துரை. கூட்டுத்தொகைக்கு ஏற்ப, அதிகப் புள்ளிக்குச் சிவப்பு வருமாறு நிறமிட்டபின், சிவப்புப் பாத்திகளிலிருந்து வடியும் நீரோட்டங்கள் ஒரே மதகில் வந்து சேருகின்றனவா என்று பாருங்கள். சேர்ந்தால் நீர் மாதிரி எடுக்கவும், வாய்க்கால் ஓரத்தில் புல்வரிசை நடவும் முதலில் தெரிவுசெய்ய வேண்டிய இடம் நீரோட்டத்தில் அந்த மதகுக்கு மேலே உள்ள பகுதியே.