கரையோர உயிர்களைச் சேர்ந்து பதிவு பண்றது எப்படி? குப்பத்துலேர்ந்து ஆரம்பிங்க

எண்ணூர் பக்கம் ஆத்துல காக்கா ஆழின்னு ஒரு சிப்பி இருக்கு. கருப்பா சின்னதா இருக்கும், சொந்த ஊரு தென் அமெரிக்கா பக்கம், கப்பல் வழியா வந்திருக்கும்னு சொல்றாங்க. சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி படிஞ்சிடும், அப்புறம் இறால் எங்க போய் புதையும், மஞ்ச மட்டி எங்க இருக்கும்? இதைக் கவனிச்சு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனது அந்த ஆத்துல தொழில் பண்ற ஜனங்க தான். மைடெல்லா ஸ்ட்ரிகேட்டாங்குற அறிவியல் பேரு நம்ம காதுல விழுறதுக்கு முன்னாடியே அவங்க காக்கா ஆழின்னு பேர் வெச்சாச்சு.

அதனால கடற்கரை சர்வே எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு யார் கேட்டாலும், மொதல்ல குப்பத்துக்குப் போங்கன்னு தான் சொல்வேன். படகு கரையேறி மீன் விக்கிற நேரத்துல போகாதீங்க, எல்லாம் முடிஞ்சு நிழல்ல உக்காந்து வலை சரி பண்ணிட்டு இருப்பாங்க, அப்ப போங்க. "அண்ணா, முன்னாடி இங்க நிறைய கெடச்சு இப்ப கெடைக்காதது எது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. அவங்க சொல்ற ஊர்ப் பேரை அப்படியே நோட்டுல எழுதுங்க, நீங்களா திருத்தாதீங்க.

அடுத்து எடம். பாறை இருக்குற கரையா பாத்து ஒரு 50 மீட்டர் போதும், ஆனா மாசாமாசம் அதே 50 மீட்டர். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல தான் தண்ணி நல்லா உள்வாங்கும், போன்ல டைடு டேபிள் (தண்ணி ஏறி எறங்குற நேரக் கணக்கு) பாத்துட்டு தண்ணி அடி மட்டத்துக்குப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எறங்கிடுங்க. குறைஞ்சது நாலு பேர் வேணும்: ஒருத்தர் போட்டோ, ஒருத்தர் எண்ணிக்கை, ஒருத்தர் எழுத, நாலாவது ஆள் அலையை மட்டும் பாக்கணும். அந்த நாலாவது ஆள் இல்லாம எறங்கவே கூடாது, இதுல நான் ரொம்ப கண்டிப்பு.

பிவிசி பைப்ல அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சதுரம் பண்ணிக்கோங்க. கயிறு கட்டி, அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை சதுரத்தை வெச்சு நேர் மேலேர்ந்து போட்டோ எடுத்து உள்ள இருக்கறதை எண்ணணும். கண்ணுக்கு அழகா இருக்குற எடமா தேடி வெச்சீங்கன்னா கணக்கே தப்பாயிடும். ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம்னு எழுதுங்க, அந்த பூஜ்யம் தான் அஞ்சு வருஷம் கழிச்சு பேசும்.

கல்லைப் புரட்டினா அடியில ஈரமா ஒரு தனி ஊரே இருக்கும், ஆரஞ்சு கலர்ல கடற்பஞ்சு, நகம் அளவு நண்டு, பசை மாதிரி ஒட்டின முட்டை. பாத்துட்டு மெதுவா, எப்படி இருந்துச்சோ அதே பக்கமா திருப்பி வைங்க, அப்படியே விட்டுட்டு வந்தா மதியத்துக்குள்ள எல்லாம் வெயில்ல காஞ்சு செத்துடும்.

சிப்பி, சங்குன்னா மேல் பக்கம், வாய் பக்கம் ரெண்டும் போட்டோ வேணும், பக்கத்துல ஒரு ஸ்கேல். நண்டுக்கு முதுகும் கொடுக்கும் தெளிவா தெரியணும். புயலுக்கு அப்புறம் நீலமா எது ஒதுங்கினாலும் வெறுங்கையால தொடாதீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் முடிஞ்சு பெசன்ட் நகர்ல ஒதுங்குச்சே ப்ளூ டிராகன்ங்குற நீலக் கடல் நத்தை, அது கொட்டுற ஜெல்லி வகைகளைத் தின்னு அந்த விஷத்தையே தன் உடம்புல சேத்து வெச்சுக்கும்.

எல்லாத்தையும் ஐநேச்சுரலிஸ்ட்ல (உயிரினங்களைப் பதிவு பண்ற இணையதளம்) தேதி, எடத்தோட ஏத்துங்க. பேர் தெரியலையா, வெறும் நண்டுன்னு போட்டாலே போதும், ஊகிச்சு எழுதாதீங்க. அங்க பாத்து பேர் சொல்றவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு மேல ஒரே இனம்னு ஒத்துக்கிட்டா ரிசர்ச் கிரேடு, அதாவது ஆராய்ச்சிக்குத் தகுந்த பதிவு ஆகும், லைசென்ஸ் சரியா குடுத்திருந்தா அங்கேர்ந்து ஜிபிஐஎஃப்ங்குற உலக உயிரினத் தகவல் தளத்துக்குப் போய் உலகத்துல எந்த ஆராய்ச்சியாளர் வேணாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எதையும் எடுத்துட்டு வராதீங்க, செத்ததா இருந்தாலும் சரி, 1972 வன உயிரினச் சட்டத்துல வருது. மன்னார் வளைகுடாவோட 21 தீவுக்கும் வனத்துறை அனுமதி இல்லாம போகக்கூடாது. பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தா போட்டோ, எடம், நேரம் எடுத்துட்டு வனத்துறைக்குச் சொல்லுங்க. 2025 ஜனவரியில சென்னை கரையில நூத்துக்கணக்குல ஒதுங்கினப்போ, ஒவ்வொண்ணும் எங்க ஒதுங்குச்சுங்கற கணக்கு எவ்வளவு முக்கியம்னு நேர்லயே தெரிஞ்சுது.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க கண்டதை தமிழ்ல ஒரே தாள்ல பிரிண்ட் எடுத்து குப்பத்துல கொண்டு போய் குடுங்க. உக்காந்து படிச்சுக் காட்டுங்க, தப்புன்னு சொன்னா அங்கேயே அடிச்சு எழுதுங்க, பேர் போட்டுக்கலாமான்னு கேட்டு சரின்னவங்க பேரையும் பதிவுல சேருங்க. பேச்சு வாக்குல அவங்க மீன் புடிக்கிற பார் (கடலுக்கு அடியில இருக்குற பாறைத் திட்டு) எங்க இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா அதை மட்டும் மேப்ல போடாதீங்க, அது அவங்க வீட்டுச் சோறு.