டிராம்பே போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலை வந்தபின், பேட்டரிக்குள் அயனிகளை ஓடவிடும் அயனிக் கடத்திகள் மீது தர்மபுரி, கிருஷ்ணகிரி இயற்பியல் மாணவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. படிகத்துக்குள் அயனி தாவும் தூரத்தையும் அதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தே சொல்வது, சிதறிவரும் நியூட்ரானின் ஆற்றல் மாற்றத்தை அளக்கும் நியூட்ரான் நிறமாலையியல். அதற்கான துருவா அணு உலை மும்பை டிராம்பேயில் இருக்கிறது; சாம்பிள் கெடுவதோ பெரும்பாலும் இங்கேயே.

முதல் எதிரி ஈரம். இன்கோஹெரன்ட் சிதறலில் (ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகச் சிதறடிப்பது) சோடியத்துக்கு 1.62 பார்ன் (அணு நியூட்ரானைச் சிதறடிக்கும் அல்லது விழுங்கும் வாய்ப்பின் அலகு), ஹைட்ரஜனுக்கு 80. நூறு சோடியம் அணுவுக்கு ஒரே ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்தால் போதும்: அதன் இரண்டு ஹைட்ரஜனுக்கு 160 பார்ன், அத்தனை சோடியத்துக்கும் சேர்த்து 162. பாதி சிக்னல் தண்ணீருடையது! பொடியை ஜிப்லாக் கவரில் போட்டுக்கொண்டு குர்லா எக்ஸ்பிரஸ் ஏறாதீர்கள். பொருள் தாங்குமானால் வெற்றிட அடுப்பில் 150 டிகிரியில் இரவு முழுக்கக் காயவையுங்கள். டிஜிஏவில் (சூடாக்கியபடி எடை பார்க்கும் கருவி) எடை இறங்கவில்லை என்று பார்த்தபின், ஆர்கான் கிளவ் பாக்ஸுக்குள்ளேயே அலுமினியக் குப்பியில் அடையுங்கள். இண்டியம் கம்பி சீல் 156 டிகிரியில் உருகிவிடும். 300 டிகிரியில் அளக்க அது உதவாது.

லித்தியம் என்றால் வேறு தொல்லை. லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கும், 940 பார்ன். லித்தியம்-7 செறிவூட்டிய மூலப்பொருளில்தான் தயாரிக்க வேண்டும்.

அடுத்தது, கணக்குப் போடாமல் கருவி கேட்பது. விரவல் குணகம் (அயனி எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்ற அளவு) 10⁻¹⁰ மீ²/வி என்றால், Q (சிதறலில் நியூட்ரானின் உந்த மாற்றத்தைக் காட்டும் அளவு) 0.5 Å⁻¹ இடத்தில், அயனி நகர்வால் விரியும் நிறமாலைக் கோட்டின் அரை அகலம் வெறும் 1.6 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். துருவாவின் இந்தச் சிறு விரிவை அளக்கும் க்வாசி-எலாஸ்டிக் கருவியின் பகுதிறன் சுமார் 200 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். அகலம் தெரியாது, அதைப் பார்த்து 'அயனி நகரவில்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அயனி நகர்கிறது, கருவியின் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. வெப்பநிலையை ஏற்றுங்கள், இல்லையென்றால் இன்னும் நுண்ணிய பகுதிறன் கொண்ட பேக்ஸ்கேட்டரிங் கருவிக்கு விண்ணப்பியுங்கள்.

சிக்னல் போதாது என்று பொடியைத் தடிமனாக அடைப்பதும் வழக்கம். விழும் நியூட்ரான்களில் பத்து சதவீதத்துக்கு மேல் சிதறக்கூடாது. மிஞ்சினால் பன்முறைச் சிதறல் (ஒரே நியூட்ரான் பலமுறை சிதறுவது) வந்து, Q குறையும்போது பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டிய அகலம் இறங்காமல் நிற்கும். நீண்டதூர விரவலை 'ஒரே கூண்டுக்குள் தாவல்' என்று தப்பாகப் படிக்க வைப்பது இதுதான்.

அயனி தளம் விட்டுத் தளம் தாவுவதாகக் கொள்ளும் சட்லி–எலியட் மாதிரியில் பொருத்தித் தாவு தூரம் 5 Å என்று வந்தால், உங்கள் படிகத்தில் பக்கத்துத் தளமே 3.5 Å தள்ளித்தான் இருக்கிறதென்றால், உடனே புது இயங்குமுறை தேடாதீர்கள். ப்ராக் உச்சி (படிக அடுக்கால் வரும் கூர்மையான சிதறல்) விழும் கோணங்களின் டிடெக்டர்களை நீக்கிவிட்டு, எல்லா Q மதிப்புகளையும் சேர்த்து மறுபடி பொருத்திப் பாருங்கள்.