முதல்முறை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு: பிஓஎம்மும் எக்செலும் போதும்

உங்கள் பொருள் பிறந்தது முதல் குப்பைக்குப் போகும் வரை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாரம் என்று கணக்கிடப் போகிறீர்களா? விலை உயர்ந்த மென்பொருள் எதையும் இப்போதே வாங்காதீர்கள். பிஓஎம் எனப்படும் உதிரிபாகப் பட்டியலை எக்செலில் திறந்து வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு மின்கெண்டி.

1. அலகை முடிவு செய்யுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். "ஒரு கெண்டி" என்று அலகு வைத்தால் எடை குறைந்த பிளாஸ்டிக் கெண்டி எளிதாக ஜெயித்துவிடும். அது இரண்டு ஆண்டும் எஃகுக் கெண்டி ஆறு ஆண்டும் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒப்பிட வேண்டியது மூன்று பிளாஸ்டிக் கெண்டிகளை ஓர் எஃகுக் கெண்டியோடு. எனவே அலகை இப்படி எழுதுங்கள்: "ஆறு ஆண்டுகளுக்குத் தினமும் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்தல்".

இப்படி எழுதியதுமே இன்னொன்றும் தெரியவரும். இரண்டு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, இழப்பே இல்லாவிட்டாலும் சுமார் 0.175 கிலோவாட் மணி வேண்டும். இது ஒரு நாள் கணக்கு; ஆறு ஆண்டுக்கு 380 கிலோவாட் மணியைத் தாண்டும். குறைந்தபட்ச நீர்க்கோடு 500 மில்லியில் இருந்தால், 200 மில்லி தேவைப்படுபவரும் இரண்டரை மடங்கு நீரைக் கொதிக்க வைப்பார். உறையின் எடையில் சில கிராம் குறைப்பதைவிட அந்தக் கோட்டைக் கீழே இறக்குவதற்குத்தான் நான் முதலில் மெனக்கெடுவேன்.

2. பிஓஎம்மில் பத்திகளைச் சேருங்கள்

மூலப்பொருள், எடை, மறுசுழற்சிப் பங்கு, இணைப்பு முறை. எடை என்றால் வெட்டுக்கழிவும் சேர்த்து, வாங்கிய தகட்டின் எடை. இணைப்பு முறைக்குத் தனிப் பத்தி அவசியம்: திருகு என்றால் கழற்றிப் பழுதுபார்க்கலாம், பிரித்து மறுசுழற்சிக்கும் அனுப்பலாம், பசை என்றால் இரண்டுமே சிக்கல்.

ஐரோப்பாவுக்கு விற்பதானால், மின்பொருள்களில் அபாயகரமான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஸ் (RoHS) விதிக்கும் ஒரு பத்தி. ஈயம் 0.1 சதவீதம், காட்மியம் 0.01 சதவீதம். இந்த வரம்பு மொத்தக் கெண்டிக்கு அல்ல, அதிலுள்ள ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனித்தனியே. மின்கம்பியின் செம்பு தனி, அதன் மேலுறை தனி.

3. மென்பொருள்

பட்டியல் சுத்தமான பிறகு, அதிலிருந்து பாதிப்பைக் கணக்கிட ஓப்பன்எல்சிஏ (openLCA) என்ற மென்பொருள். இலவசம், தொடக்கத்துக்குத் தாராளம். ஆனால் ஒவ்வொரு மூலப்பொருளின் பாதிப்பையும் சொல்லும் நல்ல தரவுத்தளங்கள் பலவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த மதிப்பீட்டுக்கான சர்வதேசத் தரநிலைகளான ஐஎஸ்ஓ 14040, 14044 சொல்லும் வரிசையில் போங்கள்.

4. மாற்றங்களோடு இணையுங்கள்

ஒரு பாகத்தை மாற்ற ஒப்புதல் கேட்கும் படிவத்திலேயே இந்தப் பத்திகளும் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த வடிவமைப்பு மாற்றத்தோடு உங்கள் கணக்கு பழசாகிவிடும்.

பின்சேர்க்கை: போக்குவரத்தின் பாதிப்பு மட்டும் மலைபோல் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே அலகு டன்-கிலோமீட்டர், அதாவது டன்னில் எடை பெருக்கல் கிலோமீட்டரில் தூரம். 1.2 கிலோ பொருள் 500 கிலோமீட்டர் போனால் 0.6 என்று போட வேண்டும். எடையைக் கிலோவிலேயே வைத்து 600 என்று போட்டால் ஆயிரம் மடங்கு கூடிவிடும். அப்புறம், பெட்டியின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள்.