பாட்காஸ்ட் முகவரி யார் கையில்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சி, பாலாற்று மணல் கொள்ளை, ஆம்பூர்த் தோல் தொழிலாளர் வாழ்க்கை, தெருக்கூத்து என வட ஆர்க்காட்டில் பேசிப் பதிவுசெய்ய வேண்டியவை ஏராளம். அவற்றைத் தனியாளாகப் பாட்காஸ்ட் வழியே கொண்டுசெல்ல முனைபவர்கள், பேச்சிலும் ஒலித்தரத்திலும் காட்டும் அக்கறையை வெளியிடும் முறையிலும் காட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேட்கும் செயலியையே தம் நிகழ்ச்சியின் வீடு என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்ற செயலிகள், நாம் தரும் ஆர்.எஸ்.எஸ். முகவரியை, அதாவது நிகழ்ச்சியின் பகுதிகளையும் அவற்றின் ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தையும் பட்டியலிடும் இணையக் கோப்பின் முகவரியைப் படித்து, வேறோரிடத்தில் இருக்கும் ஒலிக்கோப்பைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்க்கின்றன. ஆகவே அந்த முகவரி யார் பிடியில் இருக்கிறதோ, அவர் பிடியில்தான் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகக் கோப்பை வைத்துக்கொள்ளும் தளத்தில் சேருமுன், வெளியேறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் வசதி, அதாவது 301 திருப்பல், உண்டா என்று கேட்டறிய வேண்டும். அந்தப் பட்டியல் கோப்பில் நம் மின்னஞ்சல் இருப்பதும் முக்கியம். உரிமையைச் சரிபார்க்கும் கடிதம் பல நேரங்களில் அதற்குத்தான் வரும். இடம் மாறிய மறுநாளே பழைய கணக்கை மூடிவிடாமல், திருப்பலைக் குறைந்தது நான்கு வாரம் விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அடையாளக் குறியீட்டை மாற்றினால், பழைய பகுதிகளெல்லாம் புதியவைபோல மீண்டும் தோன்றி, கேட்பவரைச் சலிப்படையச் செய்யும்.

கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. முகவரியைத் தம் கையில் வைத்திருந்தவர்கள் அதனால் ஒரு வாசலைத்தான் இழந்தார்கள். நிகழ்ச்சி மற்றச் செயலிகளில் தொடர்ந்தது. ஒரே தளத்துக்கு மட்டும் நிகழ்ச்சியைத் தருபவருக்கு அந்த மாற்றுவழி இல்லை.

பதிவிறக்க எண்ணிக்கையைக் கேட்பவர் எண்ணிக்கையாகக் கொள்வதும் தவறே. 2023-இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியபோது, கேட்பவர் குறையாமலேயே பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது. அதைக் கண்டு மனம் தளர்ந்து நிகழ்ச்சியை நிறுத்துவது வீண் இழப்பு.

கட்டணச் சந்தாவை நாடுவோர், ஆப்பிள் முதலாண்டில் 30 விழுக்காடும் அதன்பின் 15 விழுக்காடும் எடுத்துக்கொள்வதையும், சந்தாதாரரின் மின்னஞ்சலை நமக்குத் தருவதில்லை என்பதையும் முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூலப் பதிவுகளைத் தளத்தில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மூத்த கூத்துக் கலைஞர் ஒருவரின் குரலை மறுபடியும் பதிவுசெய்ய வாய்ப்பே அமையாமல் போகலாம். சுருக்கப்படாத கோப்பை இரண்டு வன்தட்டுகளில், வெவ்வேறு வீடுகளில் வைத்திருங்கள்.